தாளின் அடையாளம்

(நமது சங்கத்தின் வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேசப் புகும் விஷயம் மிகவும் சிறியதென்று சிலருக்குத் தோன்றக்கூடும். உத்தியோகம் நாடும் வாலிபர்கள் தங்கள் கல்வி, அனுபவம் முதலியவற்றை ஒன்றிரண்டு தாள்களில் எழுதி அனுப்புகின்றனரன்றோ? பயோடேட்டா என்றும் ரெஸ்யூம் என்றும் வழங்கப்பெறும் அத்தகுதிக் குறிப்பைப் பற்றியே பேசப்போகிறோம். அதிலும், படிப்பை எவ்வாறு எழுதுவது, அனுபவத்தை எவ்வாறு விரிப்பது என்பவற்றை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றைக் கற்பிப்போர் பலருளர். இத்தாள் யாருடையது, எத்தனை தாள்களில் எத்தனையாவது, எந்நாளில் எழுதப்பெற்றது என்று தாளே தன்னைப் பற்றிக் கூறிக்கொள்ளும் சிறு குறிப்புகள் உள. அவற்றை எவ்விடத்தில், எவ்வளவில், எவ்வாறு அமைப்பது என்பதே நமது விஷயம். கம்ப்யூட்டர் வல்லார் இத்தகைய குறிப்புகளை மெட்டாடேட்டா என்பர். நாம் இதனைத் 'தாளின் அடையாளம்' என்று வழங்குவோம்.

இதற்கு ஒரு சொற்பொழிவும் வேண்டுமோ என்று வினவுவீராயின், வேண்டும் என்போம். தகுதிக் குறிப்பு உத்தியோகம் அளிப்போரிடம் போய்ச் சேரும்பொழுது அதனை எழுதியவர் அங்கே நிற்பதில்லை. "ஐயா, அந்த இரண்டாவது தாளும் என்னுடையதே" என்று எடுத்துரைக்க அவருக்கு வழியில்லை. நூறு விண்ணப்பங்கள் ஒரு மேஜையின்மேல் கிடக்க, மின்விசிறிக் காற்றிலோ, ஜெராக்ஸ் எடுக்குமிடத்திலோ, பின்னைக் கழற்றி மாட்டும் குமாஸ்தாவின் கையிலோ ஒரு தாள் பிரிந்துவிடுமாயின், பெயரில்லாத அத்தாள் எவருக்கும் உரியதன்று. முதல் தாளில் படிப்பையும் இரண்டாவது தாளில் ஐந்து வருஷத்து அனுபவத்தையும் எழுதியிருந்த வாலிபர், அந்நிமிஷமே அனுபவமற்றவராக ஆகிவிடுகிறார். தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆபீஸிலும் அச்சகத்திலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோரின் பாடு, தாளின் அடியில் ஒரு சிறு வரி இல்லாமையால் வீண் போகலாகாது.

நம் ஊர்த் தொழில் கற்பிப்பது

இவ்விஷயத்தில் நம் பகுதியாருக்கு அயலார் வந்து பாடஞ் சொல்ல வேண்டுவதில்லை. 1922 ஆம் வருஷத்தில் சிவகாசியினின்றும் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923 ஆம் வருஷத்தில் அதனை ஊரில் நிறுவிய வரலாற்றை நீவிர் அறிவீர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு வேண்டும். அத்தேவையே சிவகாசியின் அச்சுத் தொழிலுக்கு வித்தாயிற்று. கல்லச்சாகத் தொடங்கிய தொழில் பின்னர் ஆப்செட் அச்சாக விரிந்து, லேபிளினின்றும் காலண்டருக்கும், டைரிக்கும், நோட்டுப் புத்தகத்திற்கும் வளர்ந்தது.

இவற்றுள் தினசரிக் காலண்டர் ஒன்றையே எடுத்து நோக்குவோம். அதன் ஒவ்வொரு தாளும் கிழிக்கப்படுவதற்கென்றே பிறந்தது. கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பின்னும், இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன தேதி, இன்ன கிழமை, இன்ன திதி, இன்ன நட்சத்திரம் என்னும் முழு அடையாளத்தையும் அத்தாள் தன்னிடமே வைத்திருக்கிறது. வருஷத்தை அட்டையில் மாத்திரம் அச்சிட்டு, தாள்களில் வெறுந் தேதியை அச்சிட்டால் மை மிச்சமாகுமே என்று எந்த அச்சகத்தாரும் எண்ணுவதில்லை. பிரியப்போகும் தாள் என்று அறிந்தே அதனை அவர்கள் ஆயத்தஞ் செய்கின்றனர்.

அஃதன்றி, அளவையும் கவனியுங்கள். தேதி எண் கொட்டை எழுத்தில் நடுவே நிற்கும்; மற்றவை சிறிய எழுத்தில் சுற்றிலும் அடங்கியிருக்கும். அட்டையில் முருகப்பெருமான் படம் பெரிதாகவும், வாங்கிக் கொடுக்கும் கடையின் பெயர் தெளிவாகவும் இருக்கும். அச்சகத்தின் பெயரோ அடியோரத்தில் ஒரு சிறு வரியாக நிற்கும். தேடுவார்க்கு அகப்படவேண்டும், தேடாதார் கண்ணை உறுத்தலாகாது. தாளின் அடையாளத்திற்குரிய இலக்கணம் முழுவதும் இவ்வொரு வழக்கத்தில் அடங்கியிருக்கிறது.

பட்டாசுப் பெட்டியும் இதையே கூறுகின்றது. 2011 ஆம் வருஷத்து பொட்டலப் பொருள்கள் பற்றிய அளவியல் விதிகளின்படி, செய்தவர் பெயரும் முகவரியும், உள்ளிருக்கும் அளவும், செய்த மாதமும் வருஷமும், அதிகபட்ச விலையும் பெட்டியின்மேல் இருந்தே தீரவேண்டும். நாகபுரியிலுள்ள நீரி என்னும் ஆராய்ச்சி நிலையத்தார் பசுமைப் பட்டாசுகளுக்கு வகுத்த முறையில், 2019 ஆம் வருஷமுதல் கியூஆர் குறியும் அதனோடு சேர்ந்தது. அக்குறியை மனிதர் கண்ணால் வாசிக்க இயலாது, கைபேசி வாசிக்கும். ஆகவே ஒரே பெட்டியில் மனிதருக்கு ஓர் அடையாளமும் யந்திரத்திற்கு ஓர் அடையாளமும் இருக்கின்றன. இவ்விரண்டும் தம்முள் முரண்படுமாயின் அச்சரக்கை வாங்குவோர் நம்புவரோ? இக்கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தகுதிக் குறிப்பிலும் இதனையே பின்னர்க் காண்போம்.

ஏடும் அச்சும்

நிற்க. இவ்வழக்கம் அச்சு யந்திரத்தோடு பிறந்ததுமன்று. பனையோலை ஏடுகளில் எழுதிய நம் முன்னோர் ஓலையின் ஓரத்தில் ஏட்டெண்ணைத் தமிழ் இலக்கத்தில் இட்டனர். நூல் முடிந்தவிடத்தில், எழுதி முடித்த நாளையும் எழுதியவர் பெயரையும் பலர் குறித்தனர். கயிறு அறுந்தால் ஓலைகள் சிதறும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வடையாளங்கள் அழிந்தும் முறிந்தும் போன ஏடுகளை வைத்துக்கொண்டு பிற்காலத்துப் பதிப்பாசிரியர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887 ஆம் வருஷத்திலும் சிலப்பதிகாரத்தை 1892 ஆம் வருஷத்திலும் வெளியிடுவதற்கு, முதலும் முடிவும் இழந்த ஏடுகளைப் பல ஊர்களில் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்க வேண்டியிருந்தது.

அச்சு வந்தபோது இவ்வழக்கமும் உடன் வந்தது. கொல்லத்தில் அச்சிடப்பெற்ற 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறு நூலில் அச்சான இடமும், 1578 ஆம் வருஷம் அக்டோபர் 20 என்னும் நாளும் குறிக்கப்பெற்றிருக்கின்றன. இந்நாள் வரையில் அறிஞர் அந்நூலைக் காலங்குறித்துப் பேசுவது அவ்வொரு குறிப்பின் உதவியாலேயாம்.

பின்னர்ச் சட்டமும் இதனைக் கட்டாயமாக்கிற்று. 1867 ஆம் வருஷத்து அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டத்தின் 3 ஆவது பிரிவு, இந்நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சான இடமும் தெளிவாக இருக்கவேண்டும் என்று விதித்தது. அச்சட்டம் நீங்கி, 2023 ஆம் வருஷத்துப் புதிய சட்டம் 2024 மார்ச்சு 1ந் தேதிமுதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தேர்தல் துண்டுப் பிரசுரங்களுக்கும் சுவரொட்டிகளுக்கும் 1951 ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அதே கட்டளையை இன்றளவும் இடுகின்றது. ஆயின் எந்தச் சட்டமும் தகுதிக் குறிப்பை இங்ஙனம் எழுது என்று கட்டளையிடவில்லை. சட்டம் கேளாத இடத்திலும் ஒழுங்காக நடந்துகொள்வதே தொழிலறிந்தார் இயல்பு.

இரண்டு விண்ணப்பங்கள்

இனி, உலகறிந்த இரண்டு விண்ணப்பங்களை ஒப்பிடுவோம். இத்தாலிய தேசத்து ஓவியர் லியொனார்டோ டாவின்சி, மிலான் நகரத்து அதிபரிடம் வேலை வேண்டித் தமது திறமைகளை வரிசைப்படுத்தி எழுதிய கடிதமொன்றன் நகல் இன்றும் இருக்கிறது. பாலங் கட்டுவதும், பீரங்கி செய்வதும், முடிவில் ஓவியந் தீட்டுவதும் தமக்குத் தெரியும் என்கின்ற அக்கடிதத்தை உலகின் முதல் தகுதிக் குறிப்பு என்று பலர் கொண்டாடுவர். ஆனால் அத்தாளில் தேதியில்லை. ஏறக்குறைய 1482 ஆம் வருஷம் என்று ஆராய்ச்சியாளர் வேறு சான்றுகளைக்கொண்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டு விண்ணப்பத்தைப் பாருங்கள். கணித மேதை ராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா உத்தியோகம் வேண்டி எழுதிய விண்ணப்பம் திருவல்லிக்கேணி முகவரியும் 1912 பிப்ரவரி 9 என்னும் தேதியும் தாங்கியிருக்கிறது. மார்ச்சு 1ந் தேதி அவர் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலையில் அமர்ந்தார். மறுவருஷம் ஜனவரி 16ந் தேதியிட்டு அவர் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதமும், சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பகுதியில் வேலை செய்யும் குமாஸ்தா எழுதுவது என்று தொடக்கத்திலேயே தன்னை அறிமுகஞ் செய்துகொள்கின்றது. ஊர், நாள், ஆள், அவர் இருக்குமிடம் ஆகிய நான்கும் அதில் உள. பட்டமில்லாத ஓர் இளைஞரைக் கடல்கடந்து தேடிக் கண்டுகொள்வதற்கு வேண்டிய அடையாளம் கடிதத்திலேயே இருந்தது. மேதைமை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. அவ்வொழுங்கு எல்லார்க்கும் வாய்க்கும்.

எவ்விடத்தில் வைப்பது

இப்பொழுது காரியத்துக்கு வருவோம். நமது வாலிபர் அனுப்பும் குறிப்புகளில் பெரும்பாலானவற்றின் தலையில் 'பயோடேட்டா' அல்லது 'ரெஸ்யூம்' என்னும் சொல் தடித்த எழுத்தில் நிற்கின்றது. தாளின் மிகச் சிறந்த இடம் இவ்வாறு வீணாகின்றது. தீப்பெட்டியின்மேல் 'பெட்டி' என்று யாரேனும் அச்சிடுவதுண்டோ? அவ்விடம் உங்கள் பெயருக்கு உரியது. பெயரை எல்லாவற்றினும் பெரிய எழுத்தில் வைத்து, அதனடியில் ஒரே வரியில் தொலைபேசி எண், மின்னஞ்சல், ஊர், மாவட்டம் ஆகியவற்றை எழுதுங்கள். இவற்றைத் தாளின் உடற்பகுதியிலேயே எழுதவேண்டும். கம்ப்யூட்டரில் ஹெட்டர் என்று தனியே ஒதுக்கிய பகுதியில் எழுதலாகாது. ஏனெனில் பெரிய கம்பெனிகளில் விண்ணப்பங்களை முதலில் வாசிப்பது மென்பொருளே. அவற்றுள் சில, ஹெட்டரிலும் ஃபுட்டரிலும் உள்ளவற்றை விட்டுவிட்டு வாசிக்கின்றன. அங்கே தொலைபேசி எண்ணை வைத்தவரை எவ்வாறு அழைப்பது?

அடியோரத்தில் வைக்கவேண்டியவை மூன்று: பெயர், பக்க எண், மாதமும் வருஷமும். 'பக்கம் 2' என்பதனோடு நில்லாது 'பக்கம் 2, மொத்தம் 2' என்று எழுதுங்கள். மூன்றாவது தாள் ஒன்று உண்டோ இல்லையோ என்னும் ஐயத்தை அது நீக்கும். உடற்பகுதியின் எழுத்து 11 பாயிண்டாயின், அடிவரி 8 அல்லது 9 பாயிண்டாக இருக்கலாம். அழகுக்கென்று மெல்லிய சாம்பல் நிறத்தில் அமைத்தல் வேண்டா. இரண்டு முறை ஜெராக்ஸ் எடுத்தால் அது மறைந்துவிடும். சிறிதாக இருப்பினும் கருமையாக இருக்கட்டும்.

இடது மேல்மூலையில் யாதொன்றும் வைத்தலாகாது. நம் நாட்டு ஆபீஸ்களில் பின் குத்துவதும் டேக் கோப்பதும் அம்மூலையிலேயாம். இடதுபக்கம் 25 மில்லிமீட்டர் வெற்றிடம் இருந்தால் பைல் செய்தபின்னும் எழுத்து மறையாது. வீடுகளிலும் கடைகளிலும் உள்ள பிரிண்டர்கள் பெரும்பாலும் தாளின் விளிம்புவரை அச்சிடா. ஆகையால் அடிவரிக்குக் கீழே 12 மில்லிமீட்டரேனும் விடுங்கள். நமது ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் உடையது. அமெரிக்கர் வழங்கும் லெட்டர் தாளோ 279 மில்லிமீட்டரே உயரமுடையது. அத்தேசத்துக்கு அனுப்பும் குறிப்பை அங்கே அளவு குறைக்காமல் அச்சிட்டால், அடியோரத்து அடையாளமே முதலில் வெட்டுப்படும். அவ்விதம் அனுப்புவோர் தாளின் அளவை முன்னதாகவே மாற்றிக்கொள்வது நலம்.

தேதி எழுதுவதிலும் ஒரு நுட்பமுண்டு. 3-4-2025 என்று எழுதினால் நாம் ஏப்ரல் மாதம் 3ந் தேதி என்போம். அமெரிக்கர் மார்ச்சு மாதம் 4ந் தேதி என்பர். மாதத்தை எழுத்தால் எழுதினால் இம்மயக்கம் இல்லை. நம் நாட்டுக் குறிப்புகளின் முடிவில் 'மேற்கண்டவை உண்மை' என்னும் உறுதிமொழியும், இடம், நாள், கையொப்பம் என்பனவும் வைக்கும் வழக்கமிருக்கிறது. இது ஏட்டின் இறுதியில் எழுதியவர் பெயரும் நாளும் குறித்த பழைய வழக்கத்தை ஒத்தது. வைப்பதாயின் முழுவதும் நிரப்பி வையுங்கள். அடியோரத்தில் இவ்வருஷமும் உறுதிமொழியில் சென்ற வருஷமும் இருக்குமாயின், பழைய குறிப்பை எடுத்துத் தூசி தட்டி அனுப்பினார் என்றே காண்போர் கருதுவர்.

பெயரும் இனிஷியலும்

அடையாளங்களுள் தலையாயது பெயர். நமக்கு அதிலேதான் பெருந் தொல்லையும் உண்டு. நம் விருதுநகரின் புகழை உலகறியச் செய்த பெருந்தலைவர் காமராஜர், 'கு. காமராஜ்' என்று குறிக்கப்பெறுவதுண்டு. 'கு' என்பது தந்தையார் குமாரசாமியின் முதலெழுத்து என்று நமக்குத் தெரியும். அயல்நாட்டு விண்ணப்பப் படிவமோ 'முதற்பெயர், கடைசிப்பெயர்' என்று இரண்டு கட்டங்களை வைத்துக்கொண்டு நிற்கிறது. அதில் நமது வாலிபர் ஒருவர் ஒருநாள் இனிஷியலை முன்னும், மற்றொருநாள் பின்னும், பிறிதொருநாள் தந்தை பெயரை முழுவதுமாகவும் எழுதுகிறார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒருவிதம், பாஸ்போர்ட்டில் ஒருவிதம், தகுதிக் குறிப்பில் ஒருவிதம். மூன்றும் ஒரே ஆள் என்று நாம் அறிவோம், யந்திரம் அறியாது. சான்றிதழ் சரிபார்க்கும் அந்நிய ஊர்க் குமாஸ்தாவும் அறியார்.

ஆதலின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளவாறே பெயரைத் தகுதிக் குறிப்பின் தலையிலும், அடியோரத்திலும், மின்னஞ்சலிலும் எழுதுக. பாஸ்போர்ட்டில் வேறுவிதமாக இருந்தால், பெயரின் கீழே சிறிய எழுத்தில் 'பாஸ்போர்ட்டில் இன்னவாறு' என்று ஒரு வரி சேர்த்துவிடுக. ஊர்ப் பெயருக்கும் இதுவே விதி. விருதுநகரை ஆங்கிலத்தில் 'ஹெச்' என்னும் எழுத்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகின்றனர். ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, கடைசிவரை அதையே எழுதுங்கள்.

கண்ணுக்குப் புலப்படாத அடையாளம்

பட்டாசுப் பெட்டியில் மனிதருக்கொன்றும் யந்திரத்திற்கொன்றுமாக இரண்டு அடையாளங்கள் இருப்பதைக் கண்டோம். தகுதிக் குறிப்பும் அத்தகையதே. இன்று அதனை அனுப்புவது பெரும்பாலும் பி.டி.எஃப். என்னும் வடிவத்தில். அடோபி கம்பெனியார் 1993 ஆம் வருஷத்தில் வெளியிட்ட அவ்வடிவம் 2008 ஆம் வருஷத்தில் சர்வதேசத் தர நிர்ணயமாயிற்று. அக்கோப்பின் உள்ளே தலைப்பு, ஆசிரியர், பொருள், குறிச்சொற்கள், உண்டாக்கிய மென்பொருள், உண்டாக்கிய நேரம், திருத்திய நேரம் என்னும் கட்டங்கள் உள. அச்சிட்டால் இவை தாளில் வாரா. கோப்பாகத் திறப்பவரோ இவற்றைக் காணக்கூடும்.

இதனால் விளையும் தீங்கு யாது? கம்ப்யூட்டர் சென்டரில் தட்டச்சுச் செய்பவர், முன்பு வந்த ஒருவரின் குறிப்பைத் திறந்து, பெயரையும் படிப்பையும் மாற்றி, உங்களுக்குக் கொடுத்துவிடுகிறார். தாளின்மேல் உங்கள் பெயர் இருக்கிறது. கோப்பின் உள்ளே தலைப்பாகவும் ஆசிரியராகவும் முன்னவர் பெயர் இருக்கிறது. பிரௌஸரில் திறந்தால் மேலேயுள்ள பட்டையில் அவ்வயலார் பெயரே பெரும்பாலும் தோன்றும். வேலை கொடுப்பவர் என்ன நினைப்பார்? இக்குறிப்பைப் பிறரிடமிருந்து பெற்றார் என்றோ, கவனமற்றவர் என்றோ நினைப்பார். குற்றம் உங்களுடையதன்று, நஷ்டம் உங்களுடையது.

இதனைத் தீர்க்க இரண்டு நிமிஷம் போதும். வேர்ட் மென்பொருளில் ஃபைல், இன்ஃபோ என்னுமிடத்துச் சென்றால் தலைப்பும் ஆசிரியரும் தெரியும். அங்கேயே 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' என்பது பழைய பெயர்களையும் மறைந்து கிடக்கும் திருத்தங்களையும் தேடி நீக்கும். லிபர் ஆபீஸில் ஃபைல், பிராப்பர்ட்டீஸ் என்னுமிடம். ஆசிரியராக உங்கள் பெயரையும், தலைப்பாக உங்கள் பெயரோடு 'தகுதிக் குறிப்பு' என்பதையும் இட்டபின் பி.டி.எஃப். ஆக மாற்றுங்கள். கோப்பின் பெயரும் அவ்வாறே இருக்கட்டும். 'ரெஸ்யூம்', 'புதியது', 'இறுதி', 'இறுதிக்கும் இறுதி' என்னும் பெயர்களோடு வரும் கோப்புகள் நூறு ஒரே கம்ப்யூட்டரில் சேர்ந்தால் எதனை எவருடையதென்று அறிவது?

இன்னும் ஒன்று. வேலைக்கு வேண்டிய சொற்களை வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தால் நிரப்பி யந்திரத்தை ஏமாற்றலாம் என்று சிலர் யோசனை கூறுகின்றனர். தாளில் தோன்றாத அவ்வெழுத்து, கோப்பினின்றும் எழுத்தை மட்டும் பிரித்தெடுத்தவுடன் வெளியாகிவிடும். நூறு சரம் என்று எழுதிய பெட்டிக்குள் எண்பது சரம் வைத்து விற்பதற்கும் இதற்கும் என்ன பேதம்? உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பதே சரக்குக்கும் அழகு, மனிதருக்கும் அழகு.

எவற்றை வைக்கலாகாது

சகோதரர்களே, இனி நாம் கூறப்போவதைப் பெரியோர்கள் பொறுமையோடு கேட்டருள வேண்டும். நம் இல்லங்களில் இருவிதப் பயோடேட்டாக்கள் வழங்குகின்றன. ஒன்று கலியாணத்திற்கு, மற்றொன்று உத்தியோகத்திற்கு. கலியாணக் குறிப்பில் ராசியும் நட்சத்திரமும் குலமும் உடன்பிறந்தார் விவரமும் வேண்டப்படும். அதை எழுதிப் பழகிய கை, உத்தியோகக் குறிப்பிலும் ஜாதி, மதம், தந்தையின் தொழில், உயரம், நிறம் என்று எழுதிக்கொண்டே போகிறது. இவை வேலைக்குரிய அடையாளங்கள் அல்ல.

ஜாதிச் சங்கத்தின் மேடையிலிருந்து ஜாதியை எழுதவேண்டா என்று கூறுவது விந்தையாகத் தோன்றலாம். எனினும் நன்கு ஆராய்ந்தே கூறுகிறோம். அரசாங்க உத்தியோகத்தில் ஒதுக்கீட்டைக் கோருவோர் அதற்குரிய படிவத்தில் எழுதி, தாசில்தார் ஆபீஸ் மூலம் பெற்ற சான்றிதழை இணைப்பர். அது உரிமை, அதற்குரிய இடம் அது. அரசியலமைப்பின் 16 ஆவது பிரிவு ஜாதி, மதம், பிறந்த இடம் முதலியவற்றைக் காரணமாக்கி அரசாங்க வேலையில் வேற்றுமை பாராட்டலாகாது என்கிறது. தனியார் கம்பெனிக்கு அனுப்பும் குறிப்பில் அதனை எழுதினால் இரண்டில் ஒன்று நேரும். படிப்பவர் அதனைக் கண்டு நம்மவர் என்று சலுகை காட்டலாம். அல்லது நம்மவர் அல்லர் என்று ஒதுக்கலாம். முன்னது உங்கள் திறமைக்கு இழுக்கு. பின்னது உங்கள் வாழ்வுக்கு இழுக்கு. இருதலையும் வேண்டாதார் அவ்வரியை விட்டுவிடுவதே தக்கது. சங்கம் உங்களைப் படிக்கவைக்கத் துணை நிற்பது, உங்கள் படிப்பே உங்கள் அடையாளமாக வேண்டும் என்னும் விருப்பத்தினாலேயாம்.

ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றையும் அச்சிடாதீர்கள். தகுதிக் குறிப்பு எத்தனை கை மாறும், எந்தக் குப்பைக் கூடையில் விழும் என்று சொல்ல இயலாது. வேலை உறுதியானபின் அவற்றைக் கேட்பார்கள்; அப்போது கொடுக்கலாம். கைபேசியில் எடுத்த படத்தைத் தனிக் கோப்பாக அனுப்புவோர், அதனுள் எடுத்த நேரமும் சில வேளைகளில் எடுத்த இடமும் பதிந்திருக்கும் என்பதை மறவாதீர்கள். நம் சகோதரிகள் இவ்விஷயத்தில் பின்னும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். முகவரிக்கு ஊரும் மாவட்டமும் போதும்; தெருவும் கதவு எண்ணும் வேண்டா.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம்

அச்சகம் நடத்துவோரும் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துவோரும் நம்மிடையே பலர் இருக்கின்றனர். அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. உங்கள் கடைக்கு வரும் பிள்ளைக்குத் தகுதிக் குறிப்புத் தட்டச்சுச் செய்து கொடுக்கும்பொழுது, பிறர் கோப்பைத் திருத்தாமல் வெற்றுக் கோப்பில் தொடங்குங்கள். அடியோரத்து வரியை நீங்களே கேட்டு இடுங்கள். கோப்பின் உள்ளே அப்பிள்ளையின் பெயரை இட்டு, அவரிடம் காட்டிய பின்னர் அனுப்புங்கள். லேபிளில் ஒரு புள்ளி நகர்ந்தாலும் ஆயிரந் தாளை ஒதுக்கிவிடும் கைகள் உங்கள் கைகள். அக்கவனத்தில் நூற்றில் ஒரு பங்கை இப்பிள்ளைகளுக்குச் செலவிட்டால் போதும்.

சங்கத்து வாசகசாலையில், மாதத்தில் ஒருநாள் மாலை, இரண்டு மூன்று படித்த வாலிபர்கள் அமர்ந்து, வருவோரின் குறிப்புகளை அச்சிட்டுப் பார்த்துத் திருத்திக் கொடுக்கலாம். அதற்குப் பரீட்சை முறையும் எளிது. இரண்டாவது தாளை மட்டும் எடுத்து, அதனை எழுதியவரை அறியாத ஒருவரிடம் கொடுங்கள். இது யாருடையது, இன்னும் எத்தனை தாள் உண்டு, எப்பொழுது எழுதியது என்று கேளுங்கள். மூன்றுக்கும் அவர் தாளைப் பார்த்தே விடை கூறுவாராயின் அக்குறிப்பை அனுப்பலாம். அல்லாவிடில் மறுபடியும் அடியோரத்துக்குச் செல்க.

வாலிபர்களே! நம் பகுதியில் அச்சான காலண்டர்கள் எத்தனையோ வீடுகளின் சுவர்களில் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஊர்ப் பெயர் ஒன்று, வெட்கமின்றியும் ஆரவாரமின்றியும், சிறிய எழுத்தில் நிற்கின்றது. உங்கள் தாளும் அவ்விதமே உங்கள் பெயரைச் சொல்லட்டும்.